வயலைக் குற்றவாளி ஆக்கிய கதை

(காவிரிப் படுகையின் கடைமடைக் கிராமம் ஒன்றில் நடந்த ஆர்ப்பாட்ட ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியபடியே அச்சிடப்படுகிறது.)

 

நாற்றங்கால் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேரம் அதிகம் எடுக்க மாட்டேன். ஆனால் சொல்லவேண்டிய விஷயம் கொஞ்சம் புதுசு. பொறுமையாகக் கேட்கவேண்டும்.

போன மாசம் ஒரு ஊரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மூணு ஏக்கர் வைத்திருக்கிற ஒரு தம்பி கையில் ஒரு தாள்கட்டோடு வந்தார். "அண்ணே, நாம நெல்லு நட்டா பூமி சூடாவுதாம். வயல்லேர்ந்து மீத்தேன் வருதாம். தண்ணியக் காயவிட்டுப் பாய்ச்சினா காசு தர்றாங்களாம். இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமா?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தது.

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மீத்தேன் எடுக்க வந்தவனைத்தானேப்பா நாம விரட்டினோம்? இப்ப நாமளே மீத்தேன் விடுறோம்கிறானா?"

தோழர்களே, அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு. ஒரே வாயு. நம் வயலுக்கு மேலே வந்தால் அது குற்றம் என்கிறார்கள். அதையே நம் வயலுக்கு அடியிலிருந்து கம்பெனி எடுத்தால் வளர்ச்சி என்றார்கள். இது எப்படி நடக்கிறது? வாயு மாறவில்லை. அதைப் பற்றிச் சொல்லப்படுகிற கதை மாறுகிறது. எந்தக் கதை ஜெயிக்கிறதோ அந்தக் கதைதான் நாளைக்குச் சட்டமாகவும் திட்டமாகவும் நம் வாசலுக்கு வருகிறது.

சொல் முன்னே வரும், ஜீப் பின்னே வரும்

முதலில் நமக்குத் தெரிந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். "தரிசு."

ஊரை ஒட்டி மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. ஆடு மாடு மேய்கிறது. விறகு பொறுக்குகிறோம். மழைக்காலத்தில் அங்கே தேங்குகிற தண்ணிதான் நம் கிணற்றில் ஊறுகிறது. நமக்கு அது தரிசா? இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்கில், சர்க்காருக்கு வரி வராத நிலம் எல்லாம் 'வேஸ்ட்'. வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்தச் சொல் போகவில்லை. 1985-ல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் வந்தது. அப்புறம் செயற்கைக்கோளில் படம் எடுத்து, தரிசு நில வரைபடப் புத்தகமே போட்டார்கள். மேலே இருந்து பார்த்தால் ஆடு தெரியுமா, ஆட்டுக்காரன் தெரிவானா?

2003-ல் மத்திய அரசின் திட்டக்குழு ஒரு யோசனை சொன்னது. காட்டாமணக்கு நட்டால் டீசல் கிடைக்கும், புகையும் குறையும், நாட்டில் தரிசுக்குப் பஞ்சமே இல்லை, சாப்பாட்டு நிலத்தைத் தொடவே வேண்டாம் என்று. 2009-ல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2017-க்குள் பெட்ரோல் டீசலில் 20 சதவீதம் உயிரி எரிபொருள் என்று இலக்கு வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் கன்று கொடுத்தார்கள், கடன் கொடுத்தார்கள், ஒப்பந்தம் போட்டார்கள். கடைசியில் என்ன ஆச்சு? தமிழ்நாட்டில் நேரில் வந்து ஆராய்ந்தவர்கள் பார்த்தது, காட்டாமணக்கு போனது பட்டா நிலத்துக்கு, கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்துக்கு. காய் எதிர்பார்த்த அளவு காய்க்கவில்லை. விவசாயி பிடுங்கிப் போட்டான். 20 சதவீத இலக்கும் அந்த வருஷத்தில் எட்டப்படவில்லை.

எங்கே தப்பு நடந்தது? விதையில் மட்டும் தப்பு இல்லை. "தரிசு" என்ற சொல்லிலேயே தப்பு இருந்தது. யாருக்கும் உபயோகம் இல்லாத நிலம் ஏராளமாகக் கிடக்கிறது என்று ஒரு கதை சொன்னார்கள். அந்தக் கதையை நம்பித்தான் கொள்கை எழுதினார்கள்.

1990-ல் நம் வயல் மேல் வந்த பழி

இப்போது மீத்தேனுக்கு வருவோம்.

1990-ல் அமெரிக்காவில் உள்ள உலக வள நிறுவனம் என்ற அமைப்பு ஒரு அறிக்கை போட்டது. பூமியைச் சூடாக்குகிற நாடுகளின் பட்டியல். அமெரிக்காவுக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் பக்கத்திலேயே பிரேசில், சீனா, இந்தியா என்று எழுதி, முதல் ஐந்து இடத்தில் நம்மையும் உட்காரவைத்தது. அப்போது நம் ஊரில் எத்தனை பேரிடம் கார் இருந்தது? எத்தனை வீட்டில் கரண்ட் இருந்தது? பிறகு எப்படி நாம் ஐந்தாவது? நெல் வயலையும் மாட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள்.

டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பை நடத்திய அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் அதற்குப் பதில் எழுதினார்கள். அவர்கள் கேட்டது எளிமையான கேள்விதான். சோறு பொங்க வயலில் வருகிற வாயுவையும், ஆடம்பரக் காரில் வருகிற புகையையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? பிழைப்புக்காக விடுவது வேறு, சொகுசுக்காக விடுவது வேறு என்று பிரித்துச் சொன்னார்கள். காற்றும் கடலும் எல்லோருக்கும் பொது, தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுப் பார் என்றார்கள். அப்படிப் பார்த்தால் பட்டியல் தலைகீழாகிறது.

விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-ல் நாடு முழுக்க வயல்களில் இறங்கி அளந்தார்கள். அதுவரை அமெரிக்கக் கணக்குப்படி இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு 3 கோடியே 70 லட்சம் டன் மீத்தேன் விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு நாட்டு வயலில் அளந்ததை வைத்து நம் வயலுக்குப் போட்ட கணக்கு அது. நம் வயலில் இறங்கி அளந்தபோது வந்தது சுமார் 40 லட்சம் டன். ஒன்பது மடங்கு ஏற்றி வைத்திருந்தார்கள்! படி அளக்கிற ஆள் நம் வாசலில் ஒன்பது மடங்கு ஏமாற்றினால் விடுவோமா?

1992-ல் ரியோ மாநாட்டில் போட்ட ஐக்கிய நாடுகள் காலநிலை ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் எல்லோருக்கும் சமம் அல்ல என்பது அதன் பொருள். நம்மைப் போன்ற நாடுகள் வாதாடி வாங்கிய வாசகம் அது. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுதி கொடுத்தன. இந்தியா அதில் சேரவில்லை. சிறு விவசாயியின் வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் வருவது பிழைப்புக்கானது என்று பின்னால் நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. 1991-ல் இரண்டு பேர் எழுதிய ஒரு சொல், முப்பது வருஷம் கழித்து அரசாங்கத்தின் வாயில் வருகிறது. சொல்லுக்கு எவ்வளவு பலம் பார்த்தீர்களா?

அதே வாயு, வயலுக்கு அடியில்

மேடையில் நாடாளுமன்றம், பிழைப்பு என்றெல்லாம் பேசின அதே அரசுகள் இங்கே என்ன செய்தன?

2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் சுமார் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. பூமிக்குள் இருக்கிற நிலக்கரியில் அந்த வாயு சிக்கிக்கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவர முதலில் அங்கிருக்கிற தண்ணியை இறைத்துக் கொட்டவேண்டும். நெல் விளைகிற பூமியில் நிலத்தடித் தண்ணியை இறைத்துக் கொட்டுவது! அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தூய எரிபொருள்'.

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக வந்தார். மீத்தேன் என்றால் என்ன, படுகை என்றால் என்ன என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். அந்தப் பிரச்சாரத்தில் இருந்தபோதே 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் உயிர் விட்டார். ஜனங்கள் விடவில்லை. 2015-ல் தமிழக அரசு அந்தத் திட்டத்துக்கு நிரந்தரத் தடை போட்டது.

மீத்தேன் என்ற சொல்லே இனி இந்தப் பக்கம் எடுபடாது என்று தெரிந்துவிட்டது. 2016-ல் மத்திய அரசு புதிய உரிமக் கொள்கை கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மீத்தேன், பாறை வாயு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உரிமம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'ஹைட்ரோகார்பன்'. 2017 பிப்ரவரியில் நெடுவாசல் பெயர் பட்டியலில் வந்தது. அந்த மக்கள் ஆலமரத்தடியில் உட்கார்ந்தார்கள். சட்டியை மாற்றினாலும் கஞ்சி அதுதான் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நாள் கூட ஆகவில்லை.

பிறகு நாம் நம் சொல்லை வைத்தோம். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவி! சுவரில் எழுதினோம். கிராம சபையில் தீர்மானம் போட்டோம். 2020 பிப்ரவரியில் அந்தச் சொல்லே சட்டத்தின் பெயராக ஆனது. தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை, அது பெரிய ஓட்டைதான். ஆனாலும் 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று இடத்தை நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, நம் போராட்டத்துக்கும் தமிழகத்தின் எதிர்ப்புக்கும் அந்தச் சட்டம் ஒரு பிடியாக இருந்தது. சில நாளிலேயே மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

ஆகவே தோழர்களே, கதை சொல்வது கம்பெனிக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை. நாம் சொன்ன கதையும் சட்டமாகியிருக்கிறது.

பழியை இறக்கிவைக்கும் வித்தை

பெரிய இடத்தில் இந்த வித்தையை எப்படிச் செய்கிறார்கள் என்று இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஃபிராங்க் லுன்ட்ஸ் என்று ஒரு பிரச்சார ஆலோசகர். தன் கட்சிக்காரர்களுக்கு அவர் எழுதிக்கொடுத்த குறிப்பு 2003-ல் வெளியே வந்துவிட்டது. 'புவி வெப்பமடைதல்' என்று சொன்னால் ஜனங்கள் பயப்படுகிறார்கள், 'காலநிலை மாற்றம்' என்று சொல்லுங்கள், அது அவ்வளவு பயமாக இல்லை என்று எழுதியிருந்தார். விஞ்ஞானிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை என்று சொல்லிக்கொண்டே இருங்கள் என்றும் எழுதியிருந்தார். 2019-ல் அமெரிக்க செனட் குழு முன்னால் வந்து, நான் சொன்னது தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டார். நடுவில் போன பதினைந்து வருஷத்தை யார் திருப்பித் தருவது? எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1977-லிருந்து போட்ட வெப்பக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்று 2023-ல் ஒரு ஆய்வு காட்டியது. உள்ளே சரியான கணக்கு, வெளியே சந்தேகம் கிளப்பும் விளம்பரம்.

இன்னொன்று, 'கார்பன் கால்தடம்'. இந்தச் சொல்லை ஊர் உலகத்துக்கெல்லாம் பரப்பியது யார் தெரியுமா? பி.பி. என்ற பெரிய பெட்ரோல் கம்பெனி, 2004, 2005 வாக்கில் செய்த விளம்பரம். நீ எவ்வளவு புகை விடுகிறாய் என்று உன் கணக்கை நீயே போட்டுப் பார் என்று ஜனங்களிடம் கொடுத்தார்கள். எண்ணெய் விற்கிறவன் தன் கணக்கை எடுத்து வாங்குகிறவன் மடியில் வைத்துவிட்டான். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்தவர்கள் இப்போது நம் வரப்பு வரைக்கும் வந்துவிட்டார்கள்.

நாமும் ஒரு கதையை நம்பினோம்

அடுத்தவரைச் சொல்லும்போது நம்மையும் சொல்லவேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"ஆற்றுத் தண்ணி வீணாகக் கடலில் கலக்கிறது." இந்த வாசகத்தை எத்தனை துண்டறிக்கையில் நாமே அச்சடித்திருக்கிறோம்! நானே எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். கடைமடையில் இருக்கிற நமக்கே தெரியும், ஆற்றில் தண்ணி வராத வருஷம் கடல் ஆற்றுக்குள் ஏறுகிறது. கொள்ளிடக் கரையில் போர்த் தண்ணி உப்பாகிப் போனதை நாம் பார்க்கவில்லையா? முகத்துவாரத்துக்கு ஆற்றுத் தண்ணியும் வண்டலும் போகவில்லை என்றால் மீனவர் பிழைப்பும் போகும், படுகையும் தேயும். கடலுக்குப் போகிற தண்ணி முழுக்க வீண் இல்லை. கடலைத் தள்ளி நிறுத்துகிற காவல் வேலை அதற்கு இருக்கிறது.

வெள்ளத் தண்ணியை ஏரியிலும் குளத்திலும் பிடித்து வை என்று கேட்பது நியாயம், கேட்போம். ஆனால் "வீண்" என்று நாமே சொல்லும்போது, ஆற்றை மறித்து எங்கோ கொண்டுபோக நினைப்பவனுக்கு நாமே வசனம் எழுதிக் கொடுக்கிறோம். மேகதாதுவில் அணை கட்டவேண்டும் என்று சொல்பவர்களும் இதே வசனத்தைத்தானே பேசுகிறார்கள்? கடலில் போய் வீணாகிற தண்ணியைத்தான் தேக்குகிறோம் என்கிறார்கள். நம் வாயிலிருந்து போன சொல் நமக்கு எதிராகவே திரும்பி வருகிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

இப்போது அந்தத் தம்பியின் தாளுக்கு வருகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பூமி சூடாவது பொய் இல்லை. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை ஏறியபோது நம் தென்னை எல்லாம் எப்படி விழுந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கடல் சூடேற ஏறப் புயலுக்கு மூர்க்கம் கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். தண்ணி கட்டிய நெல் வயலில் மீத்தேன் வருவதும் உண்மை. "எல்லாம் டூப்பு" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். அந்தக் கதையால் லாபம் எண்ணெய்க் கம்பெனிக்குத்தான்.

ஆனால் எவ்வளவு என்று கேட்கவேண்டும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2021-ல் சொன்ன கணக்குப்படி, மனிதர்களால் வருகிற மீத்தேனில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழிலின் பங்கு 35 சதவீதம். நெல்லின் பங்கு சுமார் 8 சதவீதம். உலகத்தில் பாதி ஜனத்துக்குச் சோறு போடுகிற பயிர் அது.

தண்ணியைக் காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும் என்கிறார்கள். சரிதான். வயலில் மண்ணுக்குக் கீழே அரை அடி அளவுக்கு, அதாவது 15 சென்டிமீட்டர் வரை, தண்ணி இறங்கும்வரை விட்டு மறுபடி பாய்ச்சுவது. துளை போட்ட ஒரு குழாயை மண்ணில் புதைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இதற்கு இங்கிலீஷில் நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தாத்தா வைத்த பெயர் என்ன? காய்ச்சலும் பாய்ச்சலும்! ஒற்றை நாற்று நடவு வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். நல்ல முறை, தண்ணி மிச்சம், வேரும் நன்றாக ஓடும். செய்ய முடிந்தவர்கள் செய்யுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேள்வி என்னவென்றால், நாம் மிச்சம் பிடித்த வாயு யாருக்குச் சொந்தம்? அதைத்தான் அந்தத் தாளில் எழுதி வாங்குகிறார்கள். ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஈடான அளவு குறைத்தால் ஒரு கார்பன் கிரெடிட். அதைக் கம்பெனி வெளியே விற்கும். வாங்குகிறவர், நான் குறைத்துவிட்டேன் என்று கணக்குக் காட்டிக்கொண்டு தன் புகையை விட்டுக்கொண்டே இருக்கலாம். விவசாயத்தில் இந்தச் சந்தையை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2024 ஜனவரியில் ஒரு வழிமுறையும் வெளியிட்டிருக்கிறது.

நம் பங்கு எவ்வளவு வரும்? கணக்குப் போடுவோம். நோட்டு இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். தெற்காசிய வயலுக்குச் சர்வதேச விஞ்ஞானிகள் குழு பொதுவாக வைத்திருக்கிற அளவு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். ஒரு ஏக்கருக்கு, அதாவது நம் கணக்கில் மூணு மாவுக்கு, 110 நாளில் சுமார் 38 கிலோ. காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்தால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 17 கிலோ மிச்சமாகும். நூறு வருஷக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு என்று பெருக்கினால் சுமார் 480 கிலோ. ஆகவே ஒரு ஏக்கர், ஒரு போகத்துக்கு, தோராயமாக அரை கிரெடிட். ஒரு கிரெடிட் கூட இல்லை. அந்த அரையில் அளப்பவருக்கு, சரிபார்ப்பவருக்கு, பதிவு செய்பவருக்கு, தரகருக்கு எல்லாம் போனதுக்கு அப்புறம் நமக்கு.

இன்னொரு பக்கமும் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு ஆள் வருஷத்துக்கு விடுகிற கரியமில வாயு சுமார் 14 டன். நம் நாட்டில் ஒரு ஆளுக்குச் சுமார் 2 டன். அந்த ஒரு ஆளின் ஒரு வருஷப் புகைக்கு ஈடுகட்ட நாம் 28 ஏக்கரில் வயலைக் காயவைத்துப் பாய்ச்சவேண்டும். அவர் காரை நிறுத்த வேண்டாம். நாம் மடையை அடைத்துக் கொண்டு நிற்கவேண்டும். இதுதான் கதையின் முழு உருவம்.

நம் படுகைக்கு இது எந்த அளவு பொருந்தும் என்றும் யோசியுங்கள். குறுவையில் முறை வைத்துத் தண்ணி விடுகிறான், வந்தபோது பாய்ச்சினால்தான் உண்டு. சம்பாவில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கடைமடை வயல் வடியவே வடியாது. காயவிடு என்றால் எங்கே காயவிடுவது? வடிகால் வாய்க்காலைத் தூர்வாராத நாடு, வயலைக் காயவைக்கவில்லை என்று விவசாயியைக் கேட்கலாமா? அது மட்டுமில்லை. புதிதாகக் குறைத்தால்தான் கிரெடிட் என்பது இந்தச் சந்தையின் விதி. தண்ணி இல்லாத கொடுமையால் ஏற்கனவே காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்கிறவனுக்கு ஒன்றும் கிடையாது.

காகிதத்தில் குறைத்ததாகக் காட்டுவதும் நடக்கிறது. சீனாவில் 37 நெல் வயல் திட்டங்களை, விதிப்படி இல்லை என்று, கிரெடிட்டைப் பதிவு செய்யும் அமைப்பே 2024-ல் தள்ளுபடி செய்தது. நாளைக்கு இங்கே அப்படி ஆனால் பதில் சொல்லவேண்டியது தாளில் கையெழுத்துப் போட்டவனா, பென்சிலில் புள்ளி வைத்தவனா?

இதில் இன்னொரு அநியாயம். தாளில் கேட்பது பட்டாதாரர் கையெழுத்து. குத்தகைக்கு உழுகிறவன் எங்கே? கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் தலைமுறையாக உழுகிறவன் எங்கே? வரப்பில் நின்று தண்ணி கட்டுகிறவன் அவன். காசு போவது பட்டா வைத்திருப்பவருக்கு. நடவு நட்டுக் களை பறிக்கிற நம் தாய்மார்கள் அந்தக் கதையிலேயே இல்லை. வயல் காய்ந்தால் களை கூடும். அந்தக் களையைப் பறிக்கிற கை யாருடையது?

என்ன செய்யப்போகிறோம்?

தோழர்களே, யாராவது தாளைக் கொண்டுவந்தால் பயப்படவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம். உட்காரவைத்துத் தண்ணி கொடுத்து ஐந்து கேள்வி கேளுங்கள். இந்தப் பெயரை யார் வைத்தது? யார் எந்த வயலில் அளந்தது? இதனால் யார் தன் வேலையை நிறுத்தாமல் தொடரப்போகிறார்? காசில் எனக்கு எத்தனை பங்கு, உனக்கு எத்தனை பங்கு? மழை பெய்து வயல் காயவில்லை என்றால் நஷ்டம் யார் தலையில்? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. அங்கே இதைப் பேசுங்கள். நெடுவாசல் ஜெயித்தது கோர்ட்டில் இல்லை, தன் கதையைத் தானே சொன்னதால்தான். உங்கள் ஊர் மேய்க்கால் நிலத்தில் எத்தனை ஆடு மேய்கிறது, எந்த வாய்க்கால் எத்தனை வருஷமாகத் தூர்ந்து கிடக்கிறது, எந்தப் போரில் உப்பு ஏறியிருக்கிறது, இதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தீர்மானத்தோடு சேருங்கள். நாம் எழுதாவிட்டால் செயற்கைக்கோள் எழுதும். அதற்கு நாம் தெரியமாட்டோம்.

அதற்காகத்தான் வட்டாட்சியர் அலுவலகம் முன்பாக நம் ஆர்ப்பாட்டம். நம் கோரிக்கைகள் இவை:

1. கார்பன் கிரெடிட் ஒப்பந்தம் எதுவானாலும் முழுக்கத் தமிழில் இருக்கவேண்டும். கிராம சபையில் வாசித்த பிறகே கையெழுத்து வாங்கவேண்டும்.

2. விற்ற விலையும் விவசாயியின் பங்கும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கப்படவேண்டும்.

3. குத்தகை விவசாயிக்கும் கோயில் நிலச் சாகுபடிதாரருக்கும் பங்கு உறுதி செய்யப்படவேண்டும்.

4. மழையாலும் தண்ணீர் வராததாலும் நிபந்தனை தவறினால் விவசாயி மேல் எந்த அபராதமும் கூடாது.

5. வயலை அளப்பதற்கு முன் வடிகால்களைத் தூர்வாரவேண்டும்.

6. படுகையில் உள்ள எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் கசிகிற மீத்தேனை அளந்து மக்களுக்கு அறிவிக்கவேண்டும்.

7. மேய்க்கால் புறம்போக்கைத் தரிசு என்று வகைப்படுத்துவதை நிறுத்தவேண்டும்.

ஆறாவது கோரிக்கையைக் கொஞ்சம் சத்தமாகவே கேட்கவேண்டும். நம் வயலில் குழாய் புதைத்து அளக்கிறவர்கள், அந்தக் கிணற்று வாசலிலும் ஒரு கருவியைக் கொண்டுபோய் வைக்கட்டும். அளப்பது என்றால் எல்லோரையும் அளக்கட்டும்.

டீக்கடையில் கேட்ட பெரியவருக்கு என் பதில் இதுதான். ஐயா, வயலில் வருவதும் மீத்தேன்தான், அடியில் கிடப்பதும் மீத்தேன்தான். ஆனால் ஒன்றில் சோறு வருகிறது. அந்த வித்தியாசத்தை நாம் சொல்லாவிட்டால் நமக்காகச் சொல்ல ஆள் இல்லை.

குடும்பத்தோடு வாருங்கள். பச்சைத் துண்டோடு வாருங்கள். ஊருக்கு ஒரு நோட்டோடு வாருங்கள்.

சோறு போடும் வயல் குற்றவாளி அல்ல!
எங்கள் மண்ணின் கணக்கை நாங்களே எழுதுவோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!